பக்கத்து சீட்டின் மூச்சு

மூன்றாவது டயரும் போய்விட்டது.

மெக்கானிக் அதை ஷெட்டுக்குள்ளிருந்து தூக்கி வந்து கிளட்ச் அக்காவின் காலடியில் நிமிர்த்தி வைத்தார். வட்டமான சாமான் என்றால் உருண்டு ஓடத்தானே வேண்டும். இது ஓடவில்லை. ஒரு பக்கம் ரப்பர் தேய்ந்து தட்டையாகிப் போயிருந்ததால், அந்தப் பக்கமாக அம்சமாய் உட்கார்ந்துகொண்டது.

"பாத்தீங்களா? ஒரே இறக்கத்துல வழுக்கை விழுந்துடுச்சு. எனக்கு விழறதுக்கே இருபது வருஷம் ஆச்சு," என்று தன் தலையைத் தடவிக் காட்டினார் மெக்கானிக்.

பக்கத்தில் நின்ற இளம் பயிற்சியாளர் சிரிப்பை மென்று விழுங்கினார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற நாளாக இருந்தால் அந்தத் தலையைப் பற்றி அவளும் நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். இன்றைக்கு ஷெட்டின் மறுகோடியிலிருந்து கேப்டன் அம்மா வந்துகொண்டிருந்தார்.

கேப்டன் அம்மாதான் அந்த ஃப்ளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர். தலை முழுக்க வெள்ளை, பேச்சு மட்டும் எண்ணி எண்ணித்தான் வரும். டயரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடியும் டயரைப் பார்த்தார்.

"நல்லாத்தான் ஓட்டுறீங்க," என்றார். "இறக்கும்போது மட்டும் உங்க சீட்டுல வேற யாரோ வந்து உக்காந்துக்கறாங்க. எனக்குப் புரியல. இன்னொரு டயர் போச்சுன்னா இதோட நிறுத்திக்கலாம். கீழ வகுப்பெடுக்க வாங்க, சந்தோஷமாக் கூப்பிடறேன். மேல போறது வேண்டாம்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டுகிறவர்களிடம் கெஞ்சலாம். இப்படிப் பொறுமையாகச் சொல்கிறவர்களை என்ன செய்வது?

கிளட்ச் அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பேர் வேறு. டிரைவிங் ஸ்கூல் நடத்தி, "கிளட்சை விடு, மெதுவா விடு, அடிமேல அடி எடுத்து வைக்கிற மாதிரி விடு" என்று ஊருக்கே கேட்கும்படி கத்திக் கத்திச் சம்பாதித்த பேர் இது. அவள் மாணவர்களை ஓட்டப் பழக்கும் சாலை, விமானத் திடலின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் போகும். சுவருக்கு மேலே சின்ன விமானம் ஒன்று எழும்பினால் போதும், ஸ்டியரிங்கில் இருப்பவர்கள் வாயைப் பிளந்து மேலே பார்ப்பார்கள், கார் சாக்கடைப் பக்கம் நகரும். "மேல என்ன பார்வை, ரோட்டைப் பாரு" என்று அவள் திட்டாத நாளே கிடையாது. திட்டி முடித்த கையோடு அவளே அண்ணாந்து பார்ப்பாள். அப்படிப் பார்த்துப் பார்த்து, ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிற வயதில் ஒருநாள் சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள், ஆனாலும் கேட்கவில்லை.

பாடமெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இறக்கையை மேலே தூக்குவது லிஃப்ட், கீழே இழுப்பது வெயிட், முன்னால் தள்ளுவது த்ரஸ்ட், பின்னால் பிடித்து இழுப்பது டிராக். இதை முதல் நாள் கேட்டுவிட்டு வந்து, "நம்ம வீட்டுல டிராக் யாருன்னு சொல்லவே வேண்டாம்" என்று வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தாள். மருந்துக் கடை வைத்திருக்கும் அந்த மனிதர், "அப்ப வெயிட் யாரு?" என்று கேட்டுவிட்டு அன்றைக்குத் தட்டை அவரே கழுவினார். மூக்கு மேலும் கீழும் ஆடினால் பிட்ச், இறக்கை இப்படியும் அப்படியும் சாய்ந்தால் ரோல், மூக்கு பக்கவாட்டில் திரும்பினால் யா. மூக்கை அளவுக்கு மீறித் தூக்கி, இறக்கைக்குக் காற்று சரியாகப் பிடிபடாமல் போனால் ஸ்டால். கல்லூரிக்குப் போகும் மகள் சொல்லச் சொல்ல, அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே பதில் சொல்வாள். ஒன்றுகூடத் தப்பாது.

தப்பியதெல்லாம் கால்தான்.

அந்தச் சின்ன விமானத்தில் காலுக்குக் கீழே இரண்டு பெடல். அடிப்பகுதியை மிதித்தால் வாலில் இருக்கும் ரட்டர் அசைந்து மூக்கு திரும்பும். மேல்பகுதியை விரல் நுனியால் அழுத்தினால் சக்கரத்துக்கு பிரேக். இறங்கும்போது குதிகால் தரையில் இருக்க வேண்டும், விரல் மேலே ஏறவே கூடாது. சக்கரம் தரையைத் தொடும் அந்த நொடியில் பிரேக் பிடித்திருந்தால் சக்கரம் சுழலாமல் இழுபடும், ரப்பர் தேயும், மெக்கானிக் தலையைத் தடவிக் காட்டுவார். இது அக்காவுக்குத் தெரியாதா? தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கையில் அவள் கால் அவளைக் கேட்காமல் மேலே ஏறியது. தன் காலே தன் பேச்சைக் கேட்கவில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

அன்று மாலை வீட்டில் ஒத்திகை நடந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, நிஜமாகப் பறப்பது போலவே கையையும் காலையும் அசைத்துப் பழகுவது பைலட்டுகளின் வழக்கம். சாப்பாட்டு மேஜையின் இரண்டு நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில் போடப்பட்டன. இடது நாற்காலியில் அக்கா. கையில் விமானத்தின் ஸ்டியரிங்கான யோக்குக்குப் பதிலாக ஒரு தட்டு, காலடியில் பெடலுக்குப் பதிலாக இரண்டு தலையணை. வலது நாற்காலியில் பயிற்சியாளர் வேடத்தில் வீட்டுக்காரர். மகள் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, விமானங்களுக்கு அனுமதி கொடுக்கும் டவர் ஆனாள். டவருக்குப் பின்னால் அடுப்பில் பால் இருந்தது.

"டவுன்விண்ட்ல இருக்கேன்," என்றாள் அக்கா. ஓடுபாதைக்கு இணையாக, காற்று போகிற திசையிலேயே பறக்கும் பகுதி அது.

"தொடரவும்," என்றது டவர்.

"பேஸ் திரும்பறேன். ஃபைனல் திரும்பறேன். ஃப்ளாப் இறக்கியாச்சு. வேகம் சரி." ஓடுபாதைக்கு நேராக வர இரண்டு திருப்பம்; தட்டு இரண்டு முறை மெதுவாகச் சாய்ந்து நிமிர்ந்தது. ஃப்ளாப் என்பது வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்னால் இறக்கிவிடும் மடல். "ஓடுபாதை வந்துடுச்சு. பவரைக் குறைக்கறேன். இப்ப ஃப்ளேர்."

ஃப்ளேர் என்பது இறங்கும் கடைசிக் கணத்தில் மூக்கை லேசாகத் தூக்கி, வேகத்தை வழியவிட்டு, விமானத்தைத் தரையில் உட்கார வைப்பது. அக்கா தட்டைத் தன் பக்கம் மெல்ல இழுத்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து, டவரின் தோளுக்கு மேலே பால் பொங்கி எழும்புவது வீட்டுக்காரர் கண்ணில் பட்டது. அவர் மூச்சை இழுத்தார். அக்காவின் வலது கால் தலையணையைத் தாண்டிப் பாய்ந்து அவர் பாதத்தின் மேல் இறங்கியது.

"ஐயோ, என் கட்டைவிரல்," என்றார் அவர்.

மகள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். பாதிப் பால் அடுப்பில், மீதிப் பால் பாத்திரத்தில். அக்கா இரண்டையும் பார்க்கவில்லை. தட்டைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

"நான் என்ன பண்ணேன்? நீதான் மிதிச்சே."

"மிதிக்கறதுக்கு முன்னாடி."

"பால் பொங்குச்சு. பாத்தேன். மூச்சு விட்டேன்."

"விடலை. இழுத்தீங்க. மறுபடியும் இழுங்க."

அவர் இழுத்தார். கால் அசையவில்லை. இன்னும் பலமாக, தொண்டையில் சத்தம் வரும்படி இழுத்தார். அதற்கும் கால் சும்மா கிடந்தது. "நடிக்கிறீங்க. நடிப்பு என் காலுக்குத் தெரியும்," என்றாள் அக்கா. வீட்டுக்காரர் எதிர்வாதம் செய்யத் தயாராவதற்குள் மகள் பின்னால் வந்து ஒரு தட்டைத் தரையில் போட்டாள். அவர் நிஜமாகவே துள்ளி, நிஜமாகவே மூச்சை இழுத்தார். இந்தத் தடவை காலை முன்கூட்டியே பத்திரமாக உள்ளே இழுத்து வைத்திருந்ததால் மிதி தரையில் விழுந்தது. வாழ்க்கை அவருக்குச் சீக்கிரம் கற்றுக்கொடுத்துவிடும்.

மகள் தட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். முகத்தில் ஒரு யோசனை ஓடியது. "அம்மா, ப்ளேன்ல நீ எந்தப் பக்கம் உக்கார்றே?"

"இடது பக்கம். பழகறவங்க எப்பவும் இடது பக்கம்தான்."

"ஸ்கூல் கார்ல?"

"ஸ்கூல் கார்லயும்..." என்று ஆரம்பித்த அக்கா நிறுத்திக்கொண்டாள்.

ஸ்கூல் காரில் ஸ்டியரிங் வலப்பக்கம். பழக வருகிறவர் அங்கே. சொல்லிக்கொடுக்கிற அக்கா இடப்பக்கம், காலுக்கடியில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக். இருபது வருஷத்துக்கு மேலாக அதே பக்கம், அதே மாதிரி, வலப்பக்கத்தில் பயந்துபோன யாராவது ஒருவர். வண்டி தப்பாகப் போவதற்கு முன்னால் அந்த ஆளின் மூச்சு மாறும். அதைக் கண் பார்ப்பதற்குள், மூளை யோசிப்பதற்குள், அக்காவின் கால் கேட்டுவிடும். எத்தனை சுவர்களை, எத்தனை சைக்கிள்களை, எத்தனை நாய்களைக் காப்பாற்றிய கால் அது. அந்தக் காலைப் போய்க் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கே பாவமாக இருந்தது.

"அப்ப உனக்குச் சொல்லிக்கொடுக்கற அந்தத் தம்பி இறங்கும்போது மூச்சு இழுக்கறாரா?" என்று கேட்டார் வீட்டுக்காரர், கட்டைவிரலை ஊதியபடி.

"இழுக்கறார். நான்தான் கவனிக்கல. என் கால் கவனிச்சுக்கிட்டிருக்கு," என்றாள் அக்கா.

மறுநாள் காலை இதைத் தம்பி சாரிடம் சொல்வதுதான் பெரும்பாடாகிவிட்டது. இளம் பயிற்சியாளரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். வயதுக்குத் தம்பி, வேலைக்கு சார். மீசை இப்போதுதான் முளைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அக்காதான் முதல் மாணவி. அவர் கையால் இதுவரை யாரும் தனியாகப் பறந்ததில்லை.

"நான் பயப்படறதே இல்ல அக்கா," என்றார்.

"பயப்படறீங்கன்னு யார் சொன்னா? மூச்சு இழுக்கறீங்கன்னுதான் சொன்னேன்."

"இழுக்கவே இல்ல."

"சரி, இழுக்கல. என் காதுல கோளாறு. இன்னைக்கு ஒரே ஒரு தடவை, இறங்கும்போது மூச்சைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. எனக்காக."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் மனிதர் நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார். கிளம்பினார்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, காற்றும் ஓடுபாதைக்கு நேராக இருந்தது. குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. தம்பி சார்தான் அவசரப்பட்டுவிட்டார். ஃபைனலில் திரும்பிய உடனேயே மூச்சைக் கட்டிக்கொண்டார். ஃபைனல் என்பது ஓடுபாதைக்கு நேராக வந்து இறங்கும் கடைசி நீட்டம். அது அவ்வளவு சின்ன நீட்டம் இல்லை. பாதி வழியில் கன்னம் உப்பியது. முக்கால் வழியில் காது சிவந்தது. அக்கா அழகாக ஃப்ளேர் செய்தாள். சக்கரம் தரையைத் தொடப்போகும் அந்த இம்மியில் தம்பி சாரின் பொறுமை தீர்ந்து, முங்கி எழுந்தவர் மாதிரி ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தார்.

கால் ஏறியது. டயர் கிறீச்சிட்டது. ஓடுபாதை ஓரத்துப் பறவைகளெல்லாம் எழும்பின.

ஷெட்டிலிருந்து மெக்கானிக் ஓடிவந்தது பைலட்டுகளைப் பார்க்க அல்ல. நேராக டயருக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். அக்கா இன்ஜினை அணைக்காமல், கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். இது நாலாவது. இது போயிருந்தால் எல்லாம் போயிற்று. மெக்கானிக் உள்ளங்கையால் ரப்பரைத் தடவினார், திரும்பவும் தடவினார், எழுந்து நின்று கட்டைவிரலைப் பாதி உயர்த்தி ஆட்டினார். தப்பித்தது, ஆனால் மயிரிழையில் என்று அர்த்தம்.

அவருக்குப் பின்னால் கேப்டன் அம்மா வந்து நின்றார். விமானத்தின் பின்புறமாகச் சுற்றி வந்து தம்பி சார் பக்கத்துக் கதவைத் திறந்தார். இன்ஜின் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்து, "என்ன நடக்குது இங்க?" என்று கேட்டார்.

அக்காதான் சொன்னாள். நாற்காலி, தலையணை, பால், வீட்டுக்காரரின் கட்டைவிரல், இடது பக்கம், மூச்சு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே இது நம்பக்கூடிய கதையா என்று சந்தேகம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளைகூட இதைவிட நல்ல சாக்கு சொல்லும்.

கேப்டன் அம்மா சிரிக்கவில்லை. "போன வாரம் நான் உங்ககூட வந்தேன். ஸ்டால், கோ அரவுண்ட், ஏழெட்டு இறக்கம், எல்லாம் பாத்தேன். அன்னைக்கு டயர் போகலயே," என்றார்.

"நீங்க மூச்சே இழுக்கலயேம்மா."

"இழுத்து இழுத்து அலுத்துப்போச்சு." அவர் தம்பி சார் பக்கம் திரும்பினார். "டயரைத் தவிர இவங்ககிட்ட வேற குறை இருக்கா?"

"இல்ல மேடம். ஃப்ளேர் எல்லாம் என்னைவிட நல்லா வருது."

"அப்ப கோளாறு இடது சீட்டுல இல்ல. இறங்கு."

"இப்பவேவா மேடம்?"

"பின்ன, நல்ல நாள் பாக்கணுமா?"

தம்பி சார் பெல்ட்டைக் கழற்றப் பார்த்தார். தினமும் கழற்றுகிற பெல்ட் அன்றைக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கேப்டன் அம்மா அக்காவைப் பார்த்து, "ஒரே ஒரு சுத்து. போய் வட்டமடிச்சுட்டு வந்து இறங்குங்க. டயர் விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான்," என்றார்.

தம்பி சார் இறங்கினார். காலி சீட்டின் பெல்ட் பறக்கும்போது அலைந்து எதிலாவது சிக்கிக்கொள்ளாதபடி அதை மாட்டி இறுக்கினார். கதவைச் சாத்தினார். பிறகு சுழலும் ப்ரொப்பெல்லர் பக்கமே போகாமல் வால் பக்கமாகச் சுற்றி நடந்துபோய்ப் புல்தரையில் நின்றார்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை பேருக்கு அவள் ஓட்டச் சொல்லிக்கொடுத்திருப்பாள். ஒருத்தரைக்கூடத் தனியாக விட்டு இறங்கியதில்லை. அந்தத் தொழிலில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. கடைசி நாள் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் வாத்தியார் வேலை. இங்கே என்னடாவென்றால், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாத்தியார் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார். அதற்குப் பேர்தான் பாடம் முடிவது. அந்தப் பையனுக்கு எவ்வளவு தைரியம் இருக்க வேண்டும் என்று நினைத்தபோது அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. முட்டட்டும் என்று விட்டுவிட்டு டவரைக் கூப்பிட்டாள்.

அனுமதி வந்தது. இன்ஜின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுவதும் தள்ளினாள்.

ஓர் ஆள் எடை குறைந்தால் என்ன ஆகும் என்பது பாடத்தில் படித்ததுதான். படித்தது வேறு, அது முதுகில் வந்து தள்ளுவது வேறு. விமானம் எப்போதும் எழும்பும் இடத்துக்கு வெகு முன்னாலேயே, இனிப் பொறுக்க முடியாது என்பது போல மேலே கிளம்பிவிட்டது. "அடேயப்பா, தம்பி சார் இவ்வளவு கனமா," என்று அக்கா வாய்விட்டுச் சொன்னாள். கேட்க யாருமில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, நிஜமாகவே யாரும் இல்லை.

காதில் மாட்டிய ஹெட்போனில் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. அது இழுக்கவும் இல்லை, தடுமாறவும் இல்லை. வருவதும் போவதுமாக இருந்தது. இருபது வருஷமாக அடுத்தவர் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்ததில் தன்னுடையது எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. டவுன்விண்ட் வந்தது. கீழே சுவர், சுவரை ஒட்டி அவளுடைய சாலை, சாலையில் யாரோ ஓட்டும் ஏதோ ஒரு கார். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது.

பேஸ் திரும்பினாள். ஃபைனல் திரும்பினாள். ஃப்ளாப் இறக்கினாள். வேகம் சரி, உயரம் சரி.

அவளுக்கு முன்னால் இறங்கிய இன்னொரு சின்ன விமானம் ஓடுபாதையை விட்டு வெளியேறும் வழியைத் தவறவிட்டு நடுவில் நின்றுகொண்டிருந்தது. போய்விடும் என்று நினைத்தாள். போகவில்லை. அது அங்கேயே நின்று, எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஓடுபாதை நொடிக்கு நொடி பெரிதாகிக்கொண்டே வந்தது. எதிரில் வண்டி நிற்கிறது. சாலையில் என்றால் இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, அந்தப் பதில் காலில் இருக்கிறது. அக்காவின் கால் ஒரு நொடி துடித்தது. ஆகாயத்தில் மிதிப்பதற்கு என்ன இருக்கிறது? கை முந்திக்கொண்டது. டவர் வாயைத் திறப்பதற்குள் அவள் த்ராட்டிலை முழுவதும் முன்னால் தள்ளி, மூக்கைத் தூக்கி, "கோயிங் அரவுண்ட்" என்றாள். இறங்க வேண்டாம், மறுபடி ஒரு சுற்று சுற்றி வருகிறேன் என்பதற்கான வார்த்தை அது. நிற்பதற்குப் பதில் கிளம்புவது. அவள் பிழைப்பு நடத்தும் பாடத்துக்கு நேர் எதிரான பாடம்.

ஃப்ளாப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். கீழே நின்ற விமானம் அவள் மூக்குக்கு அடியில் போய் மறைந்தது. புல்தரையில் ஒரு சின்ன உருவம் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பாவம் தம்பி சார், இந்நேரம் ஒரு ஷெட்டுக் காற்றையே உள்ளே இழுத்திருப்பார். இழுக்கட்டும். அது இங்கே கேட்காது.

இரண்டாவது தடவை ஓடுபாதை காலியாக இருந்தது. அவள் பவரைக் குறைத்தாள். தரை மேலே வந்தது. யோக்கை மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். வேகம் வழிந்தது. ஸ்டால் வரப்போகிறது என்று எச்சரிக்கும் ஹார்ன் மெலிதாக முனக ஆரம்பித்தது. நல்ல இறக்கத்துக்கு அதுதான் அடையாளம். இரண்டு குதிகாலும் தரையில் கிடந்தன. ஏறச் சொல்லி அவற்றை யாரும் கூப்பிடவில்லை. சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டன, சுழன்றன, ஓடின. எப்போது தொட்டது என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. வேகம் நடை வேகத்துக்கு வந்த பிறகுதான் பிரேக்கை அழுத்தினாள், தூங்குகிற குழந்தை இருக்கிற அறைக்கதவைச் சாத்துகிற மாதிரி.

ஷெட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி இன்ஜினை அணைத்தாள்.

மெக்கானிக் மண்டியிட்டு முதலில் இடது டயரைத் தடவினார், பிறகு வலது டயரைத் தடவினார். மூக்குச் சக்கரத்தையும் விட்டுவைக்கவில்லை. எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, "இன்னைக்கு எனக்கு வேலை இல்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவரிடமிருந்து இதற்கு மேல் பாராட்டை யாரும் கேட்டதில்லை.

கேப்டன் அம்மா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கோ அரவுண்ட் நான் சொல்லிக்கொடுத்ததைவிட நல்லா இருந்துச்சு. நாளையிலேர்ந்து தனியாப் போங்க. ஆனா ஒண்ணு. லைசென்ஸ் வாங்கறது தனியாச் சுத்தறதுக்கு இல்ல. கடைசிப் பரீட்சையில பக்கத்துல ஒரு ஆளு உக்காருவாரு. அவரு மூச்சு விடுவாரு."

"பழகிக்கறேம்மா," என்றாள் அக்கா. இன்றைக்கு அது அவளுக்கு மலையாகத் தெரியவில்லை. நோய் எது என்று தெரிந்துவிட்டதே.

தம்பி சார் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்துப்போய், முடியெல்லாம் கலைந்து, அவர்தான் தனியாகப் பறந்துவிட்டு வந்தவர் போல இருந்தார். எல்லோரும் போகும் வரை காத்திருந்து பக்கத்தில் வந்தார்.

"அந்த ப்ளேன் நின்னப்ப எனக்கு உயிரே போயிடுச்சு அக்கா. மேல உங்களுக்கு பயமா இல்லயா?"

அக்கா யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இருந்துச்சு தம்பி சார். ஆனா என்னோட பயம் மட்டும்தான் இருந்துச்சு. அது இத்தனூண்டுதான்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."